மாடத்தியின் இதயம் குடிபோன ஆடி மாதம்

ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள், வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களை வீட்டுக்காரர்களே ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் மலையடிவாரத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில், பெண்கள் நெஞ்சுநோய் வார்டில், பதினேழாம் படுக்கையில் இருந்த மாடத்தியின் இதயம் அதையெல்லாம் பார்க்காமல், அந்த மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை, காபித் தூக்குவாளி வார்டுக்குள் வந்த நேரத்தில், ஐம்பத்திரண்டு வருஷம் இருந்த வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கத்துக்குக் குடிபோனது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே இருப்பவர்களுக்கு வருத்தம், சொல்லாவிட்டால் மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளலாம். மாடத்தியைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போகிற ஊரில் பீடி சுற்றுகிறவள். மற்றவர்களுக்கு இடப்பக்கம் இருக்கும் இதயம் அவளுக்குப் பிறவியிலேயே வலப்பக்கம், வலப்பக்கம் இருக்கும் கல்லீரல் இடப்பக்கம், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாமே மாறி இருந்தன. அதோடு கூடவே பிறந்த இருமலும், எப்போதும் அடைத்த மூக்கும், விரிந்துபோன மூச்சுக்குழல்களில் தினமும் ஊறி, காலையில் எழுந்ததும் அரை டம்ளர் அளவுக்கு வெளியே வரும் சளியும் இருந்தன. வீட்டில் அதற்குப் பெயர் சீக்கு. காலேஜில் அதற்குப் பெயர் நல்ல கேஸ். புத்தகத்தில் மூன்று வரியில் முடிந்துவிடும் இந்த அபூர்வத்தை உயிரோடு, இருமலோடு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வாயோடு பரீட்சைக்குக் கொண்டுவந்து கிடத்த முடிகிறது என்றால் எந்த மெடிசின் டிபார்ட்மெண்ட்தான் விடும்?

அதனால் பதினான்கு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு தடவை, பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால், நல்ல கேஸ்களைத் தேடிச் சேர்ப்பதையே தன் உத்தியோகமாக ஆக்கிக்கொண்ட வார்டு அட்டெண்டர் சிவனணைஞ்சான் அவளுக்குப் போன் போடுவார். அவளும் மஞ்சள் பையில் இரண்டு சேலையோடு வந்து இறங்குவாள். கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, முட்டை, மருந்து. அதைவிட முக்கியம், வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் அவள் கட்டிலைச் சுற்றி நின்று மூச்சு விடாமல் கேட்பார்கள். பரீட்சையில் அவள் கட்டில் எண் விழுந்த பிள்ளை அதிர்ஷ்டக்காரப் பிள்ளை. பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தூரத்தில் தெரியும்போதே மாடத்தி உதடு அசையாமல் சொல்லிவிடுவாள்: "வலத்துப் பக்கம் அஞ்சாவது விலா எடவெளி. கல்லீரல் எடத்துப் பக்கம். சளி கெட்ட வாடை உண்டுன்னு சொல்லு, மறந்துராத." இப்படி எத்தனை பேரை டாக்டராக்கினாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. ஹாஸ்டலில் 'மாடத்தி நோட்ஸ்' என்றே பதினோரு பக்கம் உண்டு. பேட்ச் பேட்சாக ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கி, மேலே பேனாவால் எழுதி, மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலில் விஷயத்தைக் கண்டுபிடித்தது ஜெபக்கனி. அவளுக்கு இருபத்தைந்து வயது. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஹவுஸ் சர்ஜனாக முடித்துப் போய்விட, அவள் மட்டும் மெடிசினில் இரண்டு தடவை தவறி, அடிஷனல் பேட்ச் என்று மரியாதையாகச் சொல்லப்படும் தேறாதவர்கள் கூட்டத்தில் மூன்றாம் தடவையாகப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். முதல் தடவை ஒரு பெரியவரின் நெஞ்சில் பொரிபொரியென்று சத்தம் கேட்கிறதா என்றார்கள். கேட்கவில்லை என்றாள், கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் தடவை கேட்காமலேயே கேட்கிறது என்றாள். அந்தத் தடவை கேட்டிருக்கக் கூடாது. அதிலிருந்து அவளுக்குத் தன் காதின் மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று. நிமோனியா, காசம், நெஞ்சில் நீர், நெஞ்சில் சீழ், நெஞ்சில் காற்று, நுரையீரல் நாராகிப் போவது, கல் உடைப்பவருக்கு வருவது, பஞ்சாலைக்காரருக்கு வருவது, கரும்புச் சக்கை அள்ளுகிறவருக்கு வருவது, புறா வளர்க்கிறவருக்கு வருவது என்று படித்து, பிறகு சின்ன எழுத்தில் அச்சடித்த பிறவி விசித்திரங்களுக்கு வந்து, இரண்டு நுரையீரலும் முதுகுப் பக்கம் ஒட்டிப் பிறந்தவர்கள், மூச்சுக்குழாயோடு சேராமல் தனியே கிடக்கும் நுரையீரல் துண்டோடு பிறந்தவர்கள், லட்சத்தில் ஒருவர், பத்து லட்சத்தில் ஒருவர் என்று வாழ்நாளில் பார்க்கப்போகாத மனிதர்களையெல்லாம் மனப்பாடம் செய்து, கடைசிப் பக்கம் முடியும்போது முதல் பக்கம் மறந்து, மறுபடி நிமோனியாவில் தொடங்குவாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் அப்பா ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்தத் தடவ முடிஞ்சிரும்லா மக்ளே?" என்பார். முடிஞ்சிரும்ப்பா என்பாள். முடியாவிட்டால் இன்னொரு ஆறு மாதம் இதே புத்தகத்தைத் திறக்கத் தன் கையில் தெம்பில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் மாடத்தியின் வலப்பக்கம் ஸ்டெத் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெத்தைக் கழற்றித் தட்டிப் பார்த்து மறுபடி வைத்தாள். தன் காதுக்கு மூன்றாம் தடவையும் கிரகம் பிடித்துவிட்டது என்று நினைத்து அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"எடத்துப் பக்கம் வையி தாயி," என்றாள் மாடத்தி, காபியை ஊதிக்கொண்டே. "இப்பத்தான் அங்க போச்சு. ஏதோ பூனை எந்திச்சிப் போன மாதிரி இருந்துச்சு."

இடப்பக்கம் வைத்தாள். லப் டப், லப் டப் என்று அங்கே சொந்த வீட்டில் இருப்பதுபோல இருந்தது. மறுநாள் கல்லீரலும் மண்ணீரலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு இடம் மாறிக்கொண்டன. இருமல் மட்டும் எங்கேயும் போகவில்லை.

விஷயம் ஹவுஸ் சர்ஜனுக்குப் போய், அசிஸ்டெண்டுக்குப் போய், சீஃப் டாக்டர் குற்றாலலிங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், படத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறாய் என்று எக்ஸ்ரேக்காரரைத் திட்டினார்கள், அவர் இரண்டாவது எடுத்து, அதற்கும் திட்டு வாங்கி, மூன்றாவது எடுத்துக் கொடுத்துவிட்டு லீவில் போய்விட்டார். எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடாதது, குழாயில் செம்மண் வருவது, செத்துப்போனதாக எழுதப்பட்டவர் எழுந்து கஞ்சி கேட்டது எல்லாம் நடந்திருக்கின்றன; எப்படி என்று கேட்க ஆரம்பித்தால் வேலை நடக்காது. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லையே, என்ன செய்வது?

"ஆடில எவனாவது குடிபோவானா?" என்று சிவனணைஞ்சான் மாடத்தியிடமே சண்டைக்குப் போனார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? நான் வேற கேஸு பாத்திருப்பேன்லா?"

"என்ட்ட கேட்டுட்டா போச்சு?" என்றாள் மாடத்தி. அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இனி நான் சும்மா இருமுற பொம்பளதான், என்ன?" என்று அவள் கேட்டபோது சிவனணைஞ்சான் டிரிப் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

குற்றாலலிங்கத்துக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. நல்ல மனிதர், கெட்டிக்காரர், முப்பது வருஷத்தில் களைத்துப்போனவர். கேஸ் பட்டியல் ஏற்கெனவே யூனிவர்சிட்டிக்குப் போயிருந்தது: பதினேழு, வலப்பக்க இதயம், விரிந்த மூச்சுக்குழல். அதை மாற்ற வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். இதயம் இடம் மாறிவிட்டது என்று எழுதினால் யாருக்கு எது இடம் மாறியது என்று விசாரணை வரும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பரீட்ச முடியுற வரைக்கும் வலது பக்கம்தான். ஷீட்ல அப்படியே எழுதுங்க. எடது பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம், ஸ்டெத் வைக்க வேண்டாம். நாம பாட்டுக்குக் கொழப்பிக்கிட்டா பிள்ளைங்களும் கொழம்பும்."

அவ்வளவுதான், ஊர்க் கட்டுப்பாடு மாதிரி அது வார்டில் நிலைத்துவிட்டது. நர்ஸ்கள் நேற்றைய ஷீட்டைப் பார்த்து இன்றைய ஷீட்டை எழுதினார்கள்; அது எப்போதும் நடப்பதுதான். புது எக்ஸ்ரேயைத் திருப்பி மாட்டினால் பழைய படம் மாதிரியே இருப்பதைக் கண்டுபிடித்து, மூலையில் இருந்த எழுத்து மட்டும் இடம் வலமாகத் தெரிந்ததால் அதன் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஹாஸ்டலில் கூட்டம் போட்டு, நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டதால் நோட்ஸை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகள் தினமும் வந்து, ஒன்றும் கேட்காத வலப்பக்கத்தில் ஸ்டெத் வைத்து, நோட்ஸில் எழுதியிருந்த நேரம் வரைக்கும் பொறுமையாக நின்று, லப் டப் என்று தலையாட்டப் பழகினார்கள். இரண்டு நாளில் பழகிவிட்டது, மூன்றாம் நாள் சிலருக்கு உண்மையிலேயே கேட்டது. பக்கத்து ஆண்கள் வார்டிலிருந்து, கல் தூசியால் ஒரு நுரையீரல் சுருங்கிப்போன கொத்தனார் ஒருவர் மெல்ல நடந்து வந்து, "எப்படிம்மா போச்சு, எனக்கும் இத கொஞ்சம் நவுத்த முடியுமா?" என்று மாடத்தியிடம் கேட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அவள் கட்டில் கம்பியில் யாரோ ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றி வைத்திருந்தார்கள்.

ஜெபக்கனியும் வலப்பக்கம்தான் வைத்தாள். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று அந்த வார்டில் முதலில் அறிந்தவள் அவள். இருந்தும் ஒன்பது நாள் அந்தப் பக்கம் போகவில்லை, அவளுக்குத் தேற வேண்டும்.

ஆறாம் நாளிலிருந்து மாடத்திக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை கொடுத்தார்கள். எட்டாம் நாள் படுக்க முடியவில்லை என்று தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே இருந்தாள்; பரீட்சை வருதுல்லா, அதான் படபடப்பு என்று சிவனணைஞ்சான் சொன்னார். பரீட்சையின் முதல் நாள் பதினேழாம் எண் விழுந்த பையன் நோட்ஸை ஒப்பித்துத் தேறிப் போனான். இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸில் ஹவுஸ் சர்ஜன் வழக்கம்போல வலப்பக்கம் ஸ்டெத் வைத்துவிட்டுக் கத்தினான்: "சார்! வந்துருச்சு சார்! வலது பக்கம் கேக்குது!"

குற்றாலலிங்கம் வந்து வைத்துப் பார்த்தார். கேட்டது. நெஞ்செலும்புக்கு வலப்பக்கமாக, வேகமாக, ஆனால் கேட்டது. அவர் பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். சிவனணைஞ்சான் ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் போட்டார். போன இதயம் திரும்பி வந்துவிட்டது என்று வார்டு முழுக்கப் பேச்சு. எக்ஸ்ரே மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுக்கலாமா என்றுகூட ஒரு நர்ஸ் கேட்டாள்.

ஒன்பது மணிக்கு ஸ்டீல் கிண்ணத்தில் சீட்டுப் போட்டு எடுக்கச் சொன்னார்கள். ஜெபக்கனி எடுத்தாள். பதினேழு. கூட நின்றவர்கள் அவள் முதுகில் தட்டினார்கள். குற்றாலலிங்கம்கூட அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். மூன்றாம் தடவைக்காரிக்குக் கிடைத்துவிட்டதே என்று அவருக்கும் நிம்மதி.

மாடத்தி அவளைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள், மூச்சுத் திணறல் சிரிக்க விடவில்லை. "ஒனக்குத்தான் விழணும்னு கும்பிட்டேன் தாயி," என்றாள் ஒவ்வொரு வார்த்தையாக. "வலத்துப் பக்கம்... அஞ்சாவது..."

"பேசாதீங்கம்மா," என்றாள் ஜெபக்கனி. திரையை இழுத்துவிட்டாள். நாற்பத்தைந்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். நோட்ஸ் மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அவள் மாடத்தியின் கழுத்தில் விரல் வைத்தாள். நடுவில் இருக்க வேண்டிய மூச்சுக்குழாய் வலப்பக்கம் ஒதுங்கி இருந்தது. அதைத் தொட்டதும் அவள் கை நின்றது. பிறகு, ஒன்பது நாள் யாரும் போகாத இடப்பக்கத்துக்குப் போனாள். முதுகில் விரலை வைத்துத் தட்டினாள்; பானைச் சத்தம் வர வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ் வரைக்கும், சுவரைத் தட்டுகிற சத்தம். ஸ்டெத் வைத்தாள். ஒரு மூச்சுக்கூட உள்ளே வரவில்லை.

இதயம் திரும்பி வரவில்லை. இடப்பக்கம் நெஞ்சு முழுக்க நீரோ சீழோ கோத்து, அந்தப் பாரம் குடிவந்த இதயத்தை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தது. எல்லோரும் சேர்ந்து அதைத்தான் வரவேற்றிருக்கிறார்கள்.

ஜெபக்கனிக்குக் கோபம் வந்தது, எல்லோர் மேலும் வந்து கடைசியில் தன் மேலேயே வந்து நின்றது. அதோடு, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், ஒரு எண்ணமும் வந்தது: பரீட்சையில் வலப்பக்கம் என்று சொல்லிவிட்டு, தேறிவிட்டு, மத்தியானம் வந்து ஹவுஸ் சர்ஜனிடம் சொன்னால் என்ன? மூன்று மணி நேரம்தானே. அவள் மாடத்தியின் நகத்தைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது. திரையை விலக்கிவிட்டு, இருபது நிமிஷம் மீதி இருக்கும்போதே, எக்ஸ்டர்னல் உட்கார்ந்திருந்த மேஜைக்கு நடந்தாள்.

எக்ஸ்டர்னல் வெளியூர்க்காரர், இரண்டு நாளாக ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். குற்றாலலிங்கம் பக்கத்தில் இருந்தார். "சொல்லும்மா," என்றார் எக்ஸ்டர்னல், பட்டியலில் பதினேழைப் பார்த்தபடி. "இதயம் எங்க இருக்கு?"

"கேக்குறது வலப்பக்கம் சார். ஆனா அது எடத்துப் பக்கத்து இதயம். எடது நெஞ்சு பூரா நீர் கோத்துத் தள்ளியிருக்கு. காய்ச்சல் நாலு நாளா இருக்கு, சீழா இருக்கலாம். இப்பவே ஊசி போட்டு எடுக்கணும் சார். வைவா பொறவு வச்சிக்கிடலாம்."

"ஷீட்ல பிறவியிலேயே வலதுன்னு இருக்கே. எக்ஸ்ரேயும் அப்படித்தான இருக்கு?"

"எக்ஸ்ரே திருப்பி மாட்டியிருக்கு சார். பிளாஸ்திரிய எடுத்துப் பாருங்க."

குற்றாலலிங்கம்தான் முதலில் எழுந்தார். அந்த வயதில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. மாடத்தியின் முதுகில் ஒரே ஒரு தட்டு தட்டினார், அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. ஊசி வந்தது, குழாய் வந்தது. மங்கலான பச்சையில் சீழ் பாட்டிலுக்குள் இறங்க, எக்ஸ்டர்னல் பழக்கத்தில், "ஒரே தடவையில எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்டார், மாடத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெபக்கனி, "ஒன்றரை லிட்டருக்கு மேல கூடாது சார், இருமினா உடனே நிறுத்தணும்," என்றாள். பாட்டில் நிறைய நிறைய, இதயம் ஒவ்வொரு விரற்கடையாக இடப்பக்கம் நகர்ந்து போவதைக் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் தங்கள் கையாலேயே தொட்டுப் பார்த்தார்கள். மாடத்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முதல் நாள் தேறிய பையனும் அங்கே நின்றிருந்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

அந்த முகம்தான் பிறகு சிக்கலானது. ஜெபக்கனி சொன்னது சரி என்று எழுதினால், அதே கட்டிலில் நேற்று வலப்பக்கம் என்று சொன்னவன் எப்படித் தேறினான் என்று எழுத வேண்டும். பட்டியல் பொய், படம் பொய், பத்து நாள் ஷீட் பொய் என்று எழுத வேண்டும். மொத்தப் பரீட்சையும் ரத்தாகி எல்லாப் பிள்ளைகளும் மறுபடி எழுத வேண்டும். பரீட்சை வைத்த நான்கு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, களைத்தவர்கள். களைத்தவர்கள் எது சுலபமோ அதைச் செய்து, அதையே நியாயம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்து நான்காம் நாள் நோட்டீஸ் போர்டில் ரிசல்ட் ஒட்டினார்கள். ஜெபக்கனி நான்கு மதிப்பெண்ணில் தவறிப்போயிருந்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள், அவர் "சாப்பிட்டியா மக்ளே?" என்று மட்டும் கேட்டார், அதில்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, போக வேறு இடம் தெரியாமல் வார்டுக்கு வந்தாள்.

மாடத்தி நெஞ்சில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். குற்றாலலிங்கம் தினமும் இரண்டு வேளை வந்து இடப்பக்கம் ஸ்டெத் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். அடுத்த பரீட்சைப் பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். பிறகு ஜெபக்கனியின் கண்ணைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள்.

"சிவனணைஞ்சான்ட்ட சொல்லி மறுபடி என் பேரப் போட வைக்கேன்," என்றாள், ரகசியமாக. "அடுத்த தடவ எந்தப் பக்கம் வேணும்னு இப்பவே சொல்லிரு தாயி. எப்படியாச்சும் அங்க வச்சிக்கிடுதேன்."

ஜெபக்கனி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அது இருக்குற எடத்துல இருக்கட்டும்மா," என்றாள். "நான் தேடிக்கிடுதேன்."